பூவாளியோடு ஒரு தீவுப் பயணம்

ஆபீஸில் லீவு கேட்பது ஒரு கலை. மானேஜர் சாப்பிட்டுவிட்டு வந்த பத்தாவது நிமிஷத்தில் கேட்க வேண்டும். முந்திக் கேட்டால் பசிக் கோபம், பிந்திக் கேட்டால் தூக்கக் கோபம். நான் குப்பை கொட்டும் கிளாஸ்கோ ஆபீஸில் மானேஜர் மதியம் ஒரே ஒரு ஆப்பிளைக் கடித்துக்கொண்டே வேலை பார்க்கிற ரகம். அவரிடம் எது பத்தாவது நிமிஷம்? கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். கொடுத்தே விட்டார். கொடுத்துவிட்டு, "எங்கே போகிறாய்?" என்றார்.

"ஊரிலிருந்து வாப்பாவும் உம்மாவும் வந்திருக்கிறார்கள். கடல் பார்க்க வேண்டுமாம்."

"அப்படியானால் அவுட்டர் ஹெப்ரிடீஸ் போ. அங்கே கடலைத் தவிர வேறெதுவும் கிடையாது" என்றார் மனிதர்.

வாப்பாவுக்குக் கடல் வேண்டும் என்பதில் ஆச்சரியமில்லை. கீழக்கரைக்காரர். கிளாஸ்கோ வந்த மறுநாள் கிளைட் நதியைக் காட்டினேன். இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு, "ஆறுடா இது" என்று திரும்பிவிட்டார். ஏதோ நான் கடல் என்று சொல்லி ஏமாற்றப் பார்த்த மாதிரி.

எங்கள் வீட்டில் டூர் என்ற சொல்லே புழக்கத்தில் இல்லை. பயணம் உண்டு. பயணம் என்றால் வாப்பா போவார், நாங்கள் கை அசைப்போம். 1984-லிருந்து 2011 வரை துபாய். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, இரண்டு மாசம் லீவு. அந்த இரண்டு மாசமும் கல்யாண வீடு, மௌத் வீடு, நிலப் பத்திரம், வீட்டு ஓடு மாற்றுவது என்று ஓடிவிடும். குடும்பமாக நாங்கள் போன மிக நீண்ட பயணம் எது என்று யோசித்துப் பார்த்தேன். மதுரை வரை போய் அவரை வழியனுப்பிவிட்டு, அழுதுகொண்டே பஸ்ஸில் திரும்பியதுதான். அதனால் இந்தத் தடவை எப்படியாவது ஒரு டூர். எல்லோரும் ஒரே காரில். 2023 பக்ரீத் முடிந்த மறுவாரம்.

மேப்பைப் பார்த்தால் ஸ்காட்லாந்தின் வடமேற்கு ஓரத்தில் அட்லாண்டிக்கில் யாரோ கை தவறிக் கொட்டிய மாதிரி தீவுகள். அதில் பெரியதற்கு லூயிஸ், ஹாரிஸ் என்று இரண்டு பெயர். தனித்தனித் தீவு என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே நிலம்தான், நடுவே மலை, பேர் மட்டும் இரண்டு. அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொண்ட வீடு மாதிரி. காற்று அப்படி அடிக்குமாம், மரம் வளர்வதே அபூர்வம். காற்று நின்றால் சந்தோஷப்படவும் முடியாது. மிட்ஜ் என்று கண்ணுக்குத் தெரியாத கொசு ஒன்று படையெடுத்து வந்துவிடும். ஆக, காற்று அடித்தால் தொப்பி போகும், அடிக்காவிட்டால் ரத்தம் போகும்.

கம்ப்யூட்டரில் எக்செல் ஷீட்டைத் திறந்தேன். (ஐ.டி.யில் இருப்பவன் அழுதாலும் எக்செல்லில்தான் அழுவான்.) முதல் காலம், கப்பல் டிக்கெட். இரண்டாவது, தங்கும் வீடு. மூன்றாவது, சாப்பாடு. இந்த மூன்றாவது காலத்தில்தான் விழுந்தேன். இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை.

கடல் நடுவில் தீவு, மீனுக்கா பஞ்சம், மீன் எல்லாம் ஹலால்தானே என்று யாரும் நினைப்பார்கள். மீன் ஹலால்தான். எண்ணெய்? இந்த ஊர்ப் பக்கம் பல கடைகளில் ஃபிஷ் அண்ட் சிப்ஸை மாட்டுக் கொழுப்பில் பொரிக்கிறார்கள். அந்த மாடு எப்படி அறுபட்டதோ! கொழுப்பு இல்லை, சாதா எண்ணெய்தான் என்றாலும் அதே சட்டியில் சற்று முன் பன்றி சாஸேஜ் குளித்துவிட்டுப் போயிருக்கும். சரி, ரொட்டியும் சீஸும்? சீஸை உறைய வைக்க ரென்னெட் என்று ஒரு வஸ்து, அது கன்றுக்குட்டி வயிற்றிலிருந்து வரலாம். பிள்ளைகளுக்கு மிட்டாய்? ஜெலட்டின். போய் இறங்கும் ஸ்டோர்னோவே ஊருக்கு உலகப் புகழ் வாங்கிக் கொடுத்த பண்டமே பிளாக் புட்டிங்தான். 2013-லிருந்து அந்தப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. நம் மணப்பாறை முறுக்கு மாதிரி. என்ன, அது ரத்தத்தில் செய்கிற புட்டு.

பிரச்னை இதோடு தீர்ந்தால் பரவாயில்லை. என் மனைவி உத்தமபாளையத்துக்காரி என்று இந்தப் பக்கத்தில் ஏற்கெனவே பல தடவை பெருமூச்சு விட்டிருக்கிறேன். அவர்கள் ஹனஃபி, நாங்கள் ஷாஃபி. கடலில் இருப்பது எல்லாமே எங்களுக்கு ஆகும். அவளுக்கு மீன் சரி, இறால் பரவாயில்லை, நண்டு மட்டும் கூடாது. ஹெப்ரிடீஸில் கிடைப்பதோ நண்டும் சிங்க இறாலும் சிப்பியும். எக்செல்லில் 'சாப்பாடு' காலத்தை இரண்டாகப் பிளந்தேன்.

தொழுகைக்கு ஒரு காலம் போட்டேன். அங்கே ஜூலை ஆரம்பத்தில் சூரியன் மறைய இரவு பத்தரை. காலை நாலரைக்கெல்லாம் திரும்பி வந்துவிடும். நடுவே இருக்கிற ஆறு மணி நேரமும் முழு இருட்டு கிடையாது. நடுநிசியிலும் சூரியன் அடிவானத்துக்குக் கீழே ஒன்பது டிகிரிதான் இறங்குகிறது. இஷாவுக்குச் செவ்வானம் மறைய வேண்டும். மறைந்தால்தானே! இதற்கும் ஆலிம்கள் வழி சொல்லியிருக்கிறார்கள். இரவை ஏழு பங்காக்கி எண்ணலாம், பக்கத்து ஊர்க் கணக்கை எடுக்கலாம் என்று நாலைந்து. நாலையும் எக்செல்லில் போட்டு கிராஃப் வரைந்து வாப்பாவிடம் காட்டினேன்.

வாப்பா கிராஃபைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். "பயணிதானேடா நாம? மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழுதுட்டுப் படுக்க வேண்டியதுதான். லுஹரும் அசரும் அதே மாதிரி. நாலு ரக்அத் ரெண்டாயிடும். போற நாளும் வர்ற நாளும் கணக்கில்ல, நடுவுல நாலு நாள் தங்கறதா நிய்யத் வைக்கக் கூடாது, அவ்வளவுதான்."

"மாமா, எங்களுக்குச் சுருக்கித் தொழறது உண்டு, சேர்த்துத் தொழறது கிடையாது" என்றது சமையலறை.

"நீ உன் கணக்குப்படி தொழு தாயி. காருக்குள்ள ரெண்டு மத்ஹபும் உட்கார இடம் இருக்கு."

ஆக, புதன் போய் சனி திரும்புவது என்று முடிவாயிற்று. நடுவே வியாழன், வெள்ளி. ஷாஃபி சட்டத்துக்கும் என் லீவுக்கும் ஒரே அளவாகப் பொருந்திய திட்டம்.

தங்குவதற்குச் சமையலறையோடு ஒரு வீடு வேண்டும். தேடினால் நல்ல வீடு எல்லாவற்றிலும் 'நாய்க்கு நல்வரவு' என்று நாய்ப் படத்தோடு போட்டிருக்கிறான். எங்கள் மத்ஹபில் நாயின் எச்சில் பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்த தண்ணீரால். கடைசியாக லூயிஸில் ஒரு கிராமத்தில் விதவை அம்மாள் ஒருவரின் வீடு கிடைத்தது. அவர் பக்கத்திலேயே இன்னொரு வீட்டில் இருக்கிறார். அவருக்குப் பதினோரு கேள்விகள் எழுதி அனுப்பினேன். வாணலி பன்றி பார்த்ததா, வீட்டுக்குள் நாய் வருமா, வடகிழக்கு எந்தப் பக்கம் (அதற்கு எதிர்ப்பக்கம் பார்த்து, அதிலிருந்து... வேண்டாம், விடுங்கள்) என்கிற ரீதியில்.

மறுநாளே பதில். கேள்விக்கு ஒரு வரி. பழைய வாணலி இருந்தது, எடுத்துவிட்டேன். புதிது வாங்கி வைக்கிறேன். நாய் என்னுடையது, வீட்டுக்குள் வராது. சமையலறை ஜன்னல் தென்கிழக்கு. ஷெர்ரி பாட்டில் ஒன்று அலமாரியில் இருந்தது, அதையும் எடுத்துவிட்டேன். கடைசியில் மட்டும் அவருடைய பங்குக்கு ஒன்று. 'தற்செயலாக ஞாயிற்றுக்கிழமை தங்க நேர்ந்தால் தயவுசெய்து கொடியில் துணி காயப்போட வேண்டாம்.'

நான் தமிழில் சொல்லச் சொல்ல வாப்பா கேட்டார். "இந்தப் பொம்பளை நம்ம ஆளுடா" என்றார்.

அப்புறம் என் எக்செல்லையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்வளவு கேள்வி கேக்குறியே... ஆபீஸ்லயும் இப்படித்தான் கேட்டுச் சாப்பிடுவியா?"

"ம்..." என்றேன். அந்த 'ம்'மில் ஆமாமும் இல்லை, இல்லையும் இல்லை. பத்து வருஷமாக ஆபீஸ் கான்டீனில் வெஜ் என்று எழுதியிருந்தால் படிக்காமல் எடுப்பேன், எழுதாவிட்டாலும் பார்க்க வெஜ் மாதிரி இருந்தால் எடுப்பேன். பர்த்டே கேக்கில் என்ன எசென்ஸ் என்று எவனாவது கேட்பானா? ஒருவனே தனியாகக் கேட்டுக்கொண்டிருக்க ஒரு சங்கடம். அது மெதுவாகப் பழக்கமாகிவிட்டது. வாப்பா மேற்கொண்டு கேட்கவில்லை. எக்செல் மட்டும் என்னையே பார்த்தது.

புதன்கிழமை கார் டிக்கியில் ஏறியவை: ஐஸ் பெட்டியில் குர்பானிக் கறி, பொல்லக்ஷீல்ட்ஸ் ஹலால் கடைக் கோழி, அரிசி, உம்மாவின் மசாலா டப்பாக்கள், புளி, முஸல்லா ஆறு, அப்புறம் பச்சைக் கலரில் ஒரு பிளாஸ்டிக் பூவாளி.

பூவாளி எதற்கு என்று கேட்பவர்கள் சீமைக் கழிப்பறையை நேரில் பார்க்காதவர்கள். அங்கே காகிதம் உண்டு, தண்ணீர் கிடையாது. நம்மவர்கள் பலர் வீட்டுக் குளியலறையில் செடியே இல்லாமல் ஒரு பூவாளி நிற்கும். இதற்கு மேல் இந்தப் பத்திரிகையில் விளக்க முடியாது. பெண்களும் படிக்கிறார்கள்.

அல்லாபூல் என்ற துறைமுகம் வரை கார். பெயரைக் கேட்டதும் உம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "அல்லாஹ்ட பேரை வச்சிருக்காங்க." உல்லாபூல் என்று திருத்தினேன். "எதையாச்சும் சொல்லிக் கெடுக்காதே" என்றார். அங்கிருந்து கப்பலில் இரண்டரை மணி நேரத்துக்கு மேல். கப்பல் ஆடியது. என் பிள்ளைகள் இருவரும் பச்சையானார்கள், நான் மஞ்சளானேன். வாப்பா மேல்தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "கச்சான் மாதிரியே அடிக்குதுடா!" என்று கத்தினார். துபாய் ஃபோனில் இருபத்தேழு வருஷம் கேட்ட குரலில் இந்தச் சுருதி இருந்ததில்லை.

வியாழக்கிழமை ஹாரிஸில் லஸ்கென்டைர் கடற்கரை. வெள்ளை மணல், பச்சை நீலத் தண்ணீர், கண்ணுக்கு எட்டிய வரை மனுஷ வாடை இல்லை. வாப்பா செருப்பைக் கழற்றிவிட்டு அலைக்குள் காலை வைத்தார். "அரிச்சல்முனைடா!" என்றார். அடுத்த விநாடி காலை எடுத்துக்கொண்டு, "இல்ல. ஐஸ் பெட்டி." லுஹரும் அசரும் அங்கேயே. முஸல்லாவை விரித்தால் பட்டமாகக் கிளம்புகிறது. நாலு மூலைக்கும் நாலு பேர் ஷூவை வைத்தோம். அப்படியும் சுஜூதிலிருந்து எழுந்தபோது எனக்கு முன்னால் முஸல்லா இல்லை. அது எனக்கு முன்பே கிப்லாவை நோக்கிப் புறப்பட்டிருந்தது. பேரன் துரத்திக்கொண்டு ஓட, உம்மா மணலில் உட்கார்ந்துவிட்டார், சிரிப்புத் தாங்காமல்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ. ஸ்டோர்னோவேயில் பள்ளிவாசல் இருக்கிறது, தெரியுமோ? 2018 மே மாதம், நோன்பு ஆரம்பிக்கிற சமயத்தில் திறந்தார்கள். இந்தத் தீவு வரிசைக்கே முதல் பள்ளிவாசல். வீடு வீடாகத் துணி விற்க வந்த பாகிஸ்தான் பக்கத்து ஆட்களின் பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளும் பல காலமாக அங்கே இருக்கிறார்கள். பின்னால் சில சிரியா அகதிக் குடும்பங்களும் சேர்ந்தன. பாழாய்க் கிடந்த ஒரு சின்னக் கட்டடத்தை, லீட்ஸிலிருந்து வந்த ஒரு கான்ட்ராக்டர் முன்னின்று எடுத்துக் கட்டினார். காசு உலகம் பூராவிலிருந்தும் வந்தது. உள்ளூரில் கொஞ்சம் முணுமுணுப்பும் நிறைய ஒத்தாசையும்.

பயணிக்கு ஜும்ஆ கட்டாயமில்லை. வாப்பாவோ பத்து மணிக்கே அத்தர் பூசிவிட்டார். தொழுதுவிட்டு வெளியே வந்து, தாடி வெளுத்த ஒரு பெரியவரோடு பத்து நிமிஷம் பேசிக்கொண்டிருந்தார். அவருக்கு உருது, ஆங்கிலம், தீவின் கேலிக் மொழி. வாப்பாவுக்குத் தமிழ், துபாய்க் கடை அரபி, துபாய்க் கடை ஹிந்தி. என்ன பேசினார்களோ, இருவரும் அடிக்கடி கடலைக் கை காட்டினார்கள்.

அன்றே மியூசியம். 1831-ல் இந்தத் தீவு மணலில் ஒரு புதையல் அகப்பட்டது. வால்ரஸ் தந்தத்தில் செதுக்கிய சதுரங்கக் காய்கள். பெரும்பங்கு லண்டனில், மிச்சம் எடின்பரோவில். ஆறு காய்கள் மட்டும் சொந்த ஊருக்கு வந்து லூஸ் காசில் மியூசியத்தில் இருக்கின்றன. அந்தக் காய்களில் ராணி என்றால் எப்போதும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பாள். உம்மா படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "பாவம், புள்ள வெளிநாட்டுல இருக்கான் போல" என்றார்.

சாயங்காலம் ஊருக்கு வெளியே ஒரு நினைவுத் தூண். காருக்கும் தூணுக்கும் நடுவே நல்ல நடை. 1919 ஜனவரி முதல் தேதி அதிகாலை. முதல் உலகப் போர் முடிந்து லூயிஸ், ஹாரிஸ் ஆட்கள் கடற்படையிலிருந்து ஊர் திரும்புகிறார்கள். அயோலேர் என்று கப்பல். ஸ்டோர்னோவே விளக்குகள் தெரிகிற தூரத்தில் பாறையில் மோதியது. 201 பேர் போய்விட்டார்கள். நாலு வருஷப் போருக்குத் தப்பியவர்கள், கரைக்குச் சில கஜ தூரத்தில்.

நான் பலகையைப் படித்துச் சொல்லிக்கொண்டே வந்தேன். வாப்பா ஒன்றே ஒன்று கேட்டார். "பிள்ளைகளுக்கு ஏதாச்சும் வாங்கிட்டு வந்திருப்பாங்கள்ல?"

வாப்பா லீவில் வரும்போது பெட்டியைத் திறந்ததும் வரும் அந்த வாசனை, டாங் பவுடரும் சோப்பும் அத்தரும் கலந்தது, திடீரென்று எனக்கு மூக்கில் அடித்தது. பதில் சொல்லவில்லை. காற்றில் எப்படியும் கேட்டிருக்காது.

சனிக்கிழமை திரும்ப வேண்டும். பெட்டி கட்டி, ஐஸ் பெட்டியைக் காலி செய்து, துறைமுகத்துக்குப் போனால், கப்பல் கிடையாது! காற்றாம். ஜூலையிலா? ஆமாம், ஜூலையில்தான். ஞாயிறு கப்பலில் காருக்கு இடமில்லை, திங்கள்தான் என்றார்கள். ஞாயிறு கப்பல் என்பதே அங்கே புதுசு. 2009 ஜூலையில்தான் ஆரம்பித்தார்களாம், அதுவும் பெரிய எதிர்ப்புக்கு நடுவில். ஓய்வுநாள் என்றால் லூயிஸில் ஓய்வுநாள். ஒருகாலத்தில் விளையாட்டு மைதான ஊஞ்சலையே பூட்டு போட்டுப் பூட்டுவார்களாம்.

மானேஜருக்குச் செய்தி அனுப்பினேன். 'காற்று' என்று ஒரு வார்த்தை. 'சொன்னேனே' என்று ஒரு வார்த்தை பதில் வந்தது. இவர் எங்கே சொன்னார்?

எனக்கு இரண்டு கவலை. ஒன்று, நாலு நாள் கணக்கு தவறிவிட்டதே, இனி முழுத் தொழுகையா? வாப்பா சிரித்தார். "தங்கணும்னா தங்கறோம்? போகத்தான் வந்தோம், காத்து விடல. கடல்ல காத்து தடுத்து நிக்கறவனுக்குப் பதினெட்டு நாள் வரைக்கும் சுருக்கித் தொழலாம். கிதாபுலயே இருக்கு. பாய்மரக்காரனுக்காக எழுதினதுடா. உன் எக்செல்லுல இல்லையா?"

இல்லை.

இரண்டாவது கவலை பெரியது. கறி தீர்ந்துவிட்டது. மறுநாள் ஞாயிறு, ஊரே சாத்தியிருக்கும். (2024 நவம்பரிலிருந்து ஸ்டோர்னோவேயில் ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட் ஞாயிறும் திறக்கிறது. நாங்கள் ஒன்றரை வருஷம் முந்திவிட்டோம்.) அவசரமாக ஒரு கடைக்கு ஓடி ரொட்டியும் முட்டையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினோம். வீட்டுக்கார அம்மாள் சாவியோடு வாசலிலேயே நின்றார். கப்பல் இல்லை என்று அவருக்கு எங்களுக்கு முன்பே தெரியும்.

இரவு பத்து மணிக்கு, வெளிச்சம் இன்னும் இருக்கும்போதே, கதவு தட்டப்பட்டது. அம்மாள் ஒரு பக்கெட்டோடு நின்றார். "நாளைக்கு நான் எதுவும் செய்ய முடியாது. அதனால் இப்போதே" என்றார். பக்கெட்டுக்குள் உப்பில் ஊறிய ஹெர்ரிங் மீன். மேலே ஒரு பை உருளைக்கிழங்கு. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே விரல் விட்டு எண்ணினார். "மீன். உப்பு. வேறெதுவும் இல்லை."

உம்மா பக்கெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "கருவாடு!"

ஞாயிற்றுக்கிழமை அந்தத் தீவில் புளியும் மிளகாயும் போட்டுக் கருவாட்டுக் குழம்பு கொதித்தது. கார் சத்தம் இல்லை, கடைச் சத்தம் இல்லை, காற்றும் குழம்பும்தான். ஹனஃபி, ஷாஃபி இருவரும் ஆட்சேபிக்காத பண்டம். நண்டுப் பிரச்னைக்கே இடமில்லாமல் போயிற்று.

பகல் பதினோரு மணிக்கு வாப்பாவும் நானும் வாசல் திண்டில் உட்கார்ந்திருந்தோம். என்னவோ தோன்றியது, சொல்லிவிட்டேன். "ஆபீஸ்ல நான் கேட்டுச் சாப்பிடறதில்ல வாப்பா."

"தெரியும்" என்றார். "'ம்'னு சொன்னியே, அப்பவே."

கொஞ்ச நேரம் காற்று பேசியது.

"துபாய்ல ஹலாலுக்கு ஒரு குறையும் இல்லடா. எந்தக் கடையில வேணும்னாலும் கண்ணை மூடிட்டுத் திங்கலாம். ரூம்ல எட்டுப் பேரு. மூணு வருஷம் நான் சுபுஹு எந்திரிக்கவே இல்ல. எழுப்ப யாரும் இல்ல... உம்மாகிட்ட சொல்லிடாதே."

சொல்லவில்லை. உம்மா இந்தப் பத்திரிகை படிப்பதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

இந்தச் சமயத்தில்தான் அம்மாளின் நாய் வந்தது. கறுப்பு வெள்ளை கோலி நாய். ஆடு மேய்க்கிற ஜாதி. சொன்ன வாக்குப்படி வீட்டுக்குள் வரவில்லை. வெளியே உட்கார்ந்திருந்த வாப்பாவின் கைலியைத்தான் முகர்ந்து, முழங்காலிலிருந்து கணுக்கால் வரை நிதானமாக, அன்போடு, ஒரே நக்கு.

வாப்பா எழுந்து நின்றார். "மண் கொண்டா!"

வீட்டுக்குப் பின்னால் போய் ஒரு பிடி அள்ளி வந்தேன். வாப்பா விரலால் தேய்த்துப் பார்த்தார். "மண்ணாடா இது? வெறகு!" உண்மைதான். அந்தத் தீவு பூரா பீட். மக்கிப்போன செடிதான், வெட்டிக் காயவைத்து அடுப்பெரிக்கிறார்கள். நிஜ மண் எங்கே? அம்மாளின் உருளைக்கிழங்குப் பாத்தியில். வாப்பா கைலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாத்தியில் குனிய, நான் பூவாளியோடு பக்கத்தில் நிற்க, சர்ச் முடிந்து அம்மாள் தொப்பியும் கறுப்புக் கோட்டுமாக கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார்.

ஓய்வுநாளில் அவருடைய தோட்டத்தில் விவசாயம்!

எனக்கு வியர்த்தது. நாய், எச்சில், ஏழு, மண் என்று தந்தியடிக்கிற பாஷையில் விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை. முகம் சுளிக்கவும் இல்லை. முழுதும் கேட்டுவிட்டு, "லேவியராகமத்தில் இப்படி நிறைய இருக்கிறது" என்றார். நாயைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உள்ளே கட்டினார். திரும்பி வந்து பாத்தியின் இன்னொரு மூலையைக் காட்டி, "அங்கே மண் இன்னும் சுத்தம்" என்றார். பிறகு வேலியோரம் கையைக் கட்டிக்கொண்டு, ஏதோ ஒரு சடங்குக்கு நிற்கிற மரியாதையோடு, நான் பூவாளியால் ஏழு தடவை ஊற்றி முடிக்கும் வரை நின்றார்.

கழுவியாயிற்று. காயப்போட வேண்டும். வாப்பா கொடியைப் பார்த்தார். அம்மாளின் ஜன்னலைப் பார்த்தார். நல்ல காற்று. பத்து நிமிஷத்தில் காய்ந்துவிடும். ஈரக் கைலியைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனார். அன்று மத்தியானம் பூரா அது இரண்டு நாற்காலிக்கு நடுவே தொங்கியது. வாப்பா என் பேண்ட் ஒன்றை மாட்டிக்கொண்டு, காலை அகட்டி அகட்டி, உடம்புக்கு ஏதோ ஆனவர் மாதிரி நடந்துகொண்டிருந்தார்.

திங்கள்கிழமை கப்பல் வந்தது. கிளம்புகிற அவசரத்தில் பூவாளியை மறந்துவிட்டோம். அதன் அருமை உல்லாபூலில் இறங்கியதும் தெரிந்தது. அந்தக் கதை வேண்டாம்.

வாப்பாவும் உம்மாவும் ஊர் திரும்பிய பிறகு, செப்டம்பரில், ஒரு பெரிய பார்சல் வந்தது. உள்ளே மூன்று சுற்று பபிள் ஷீட்டுக்கு நடுவில் பச்சைப் பூவாளி. பளபளவென்று தேய்த்திருந்தது. கூட ஒரு சீட்டு. 'உங்கள் மார்க்கத்துப் பாத்திரத்தை விட்டுச் சென்றுவிட்டீர்கள். தபாலில் அனுப்பச் சரியான பெட்டி கிடைக்கத் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும். இதைத் தோட்டத்துக்கு நான் உபயோகிக்கவில்லை. நாய் எட்டாத இடத்தில், என் தாயாரின் பீங்கான் கோப்பைகளோடு கண்ணாடி அலமாரியில் வைத்திருந்தேன்.'

அன்றிரவே கீழக்கரைக்கு ஃபோன் போட்டுப் படித்தேன்.

"எங்கே வச்சிருந்தாங்களாம்?" என்றார் உம்மா.

"பீங்கான் அலமாரியில, உம்மா."

அந்தப் பக்கம் ஒரு விநாடி சத்தமே இல்லை. அப்புறம் ஸ்பீக்கரில் வாப்பா சிரிக்க ஆரம்பித்தார். சிரித்து, இருமி, தண்ணீர் குடித்து, மறுபடியும் முதலிலிருந்து சிரித்தார். நான் ஃபோனை வைக்கவில்லை.